கோடைப் பட்டியலில் கடலும் குளமும் வேண்டும்

கோடை வாசிப்புப் பட்டியல் தேர்வுக் குழுவினருக்கு,

இவ்வாண்டு கோடை விடுமுறைக்காகக் குமரி மாவட்டத்தில் எங்கள் பகுதி நூலகங்களுக்கு நீங்கள் அனுப்பியிருக்கும் பட்டியலைப் படித்தோம். தன்னம்பிக்கை நூல்கள் இருக்கின்றன. போட்டித் தேர்வுக் கையேடுகள் இருக்கின்றன. மன்னர் காலத்துக் கதைகளும் இருக்கின்றன. கடலையோ ஆற்றையோ குளத்தையோ பற்றி ஒரு நாவல்கூட இல்லை. கடந்த பத்தாண்டுகளில் வந்த தமிழ் நாவல்களும் இல்லை. காரணம் கேட்டோம். வட்டார வழக்கு பிள்ளைகளுக்குப் புரியாது என்றீர்கள். கடல் நாவல் என்றாலே சாவும் அழுகையும்தான் என்றீர்கள். எடுத்துப் படிக்க ஆளில்லை என்றீர்கள். மூன்றும் சரியல்ல. பேசாமல் இருந்தால் அடுத்த ஆண்டும் இதே பட்டியல்தான் வரும் என்பதால் எழுதுகிறோம்.

முதலில் நாள்காட்டியைப் பாருங்கள். உங்கள் திட்டம் மே 31-ஆம் தேதியோடு முடிகிறது. இந்த மாவட்டத்தில் கோடை ஒரே நாளில் தொடங்கி ஒரே நாளில் முடிவதில்லை. சின்னமுட்டம் துறைமுகத்து விசைப்படகுகள் மீன்பிடித் தடைக்காலத்தின் கிழக்குக் கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கட்டிக் கிடக்கும். முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கத்து விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் ஜூன் 1-இல் தொடங்கி ஜூலை 31 வரை. இரண்டும் 61 நாள்தான்; ஆனால் வேறு வேறு 61 நாள். மேற்குக் கரையில் விசைப்படகுத் தொழிலாளி வீட்டில் இருக்கத் தொடங்கும் நாளுக்கு முந்தின நாள் உங்கள் கோடை முடிந்துவிடுகிறது. உள்நாட்டுப் பக்கம் கதை வேறு. கும்பப்பூ நெல் அறுவடை முடிந்து, பாசனச் சானலில் தண்ணீர் நின்று, ஏலா என்னும் வயல்வெளி காய்ந்து கிடக்கும் ஏப்ரலும் மேயும்தான் அங்கே ஓய்வு. ஜூனில் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளைக் கன்னிப்பூ நெல் சாகுபடிக்குத் திறந்துவிட்டால் வயல்காரர் கையில் புத்தகம் நிற்காது. ஆக தோவாளைக்கும் கல்குளத்து மேட்டுப் பகுதிக்கும் ஏப்ரல், மே. சின்னமுட்டத்துக்கு ஏப்ரல் பாதி முதல் ஜூன் பாதி. மேற்குக் கரைக்கு ஜூன், ஜூலை. ஒரே புத்தகப் பெட்டியை முதலில் மேட்டிலும் பிறகு கரையிலும் ஓட்டலாம் என்பதால் இதில் செலவு கூடாது, குறையும்.

இனி வழக்கு புரியாது என்ற காரணம். தோப்பில் முகமது மீரான் பிறந்தது தேங்காப்பட்டணத்தில். அவருடைய ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ 1988-இல் வந்தது. ‘சாய்வு நாற்காலி’ 1997-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அந்தப் பேச்சில் மலையாளமும் அரபுச் சொல்லும் கலந்திருப்பது சென்னை வாசகருக்குத் தடையாக இருக்கலாம். விளவங்கோட்டுப் பிள்ளைக்கு அது வீட்டுப் பேச்சு. தன் வீட்டில் பேசும் பேச்சு அச்சில் வரக்கூடியது என்று ஒரு பிள்ளை அறிந்துகொள்ளும் இடம் நூலகம்தான். அந்த இடத்தை அடைத்துவிட்டுப் புரியாது என்று சொல்வது எங்களுக்கு வருத்தமாக இருக்கிறது.

புரியாத சொற்கள் இருக்கவே செய்யும், மறுக்கவில்லை. அதற்கு வழி இருக்கிறது. வழக்குத் தமிழில் உள்ள நாவலின் முதல் ஐம்பது பக்கம் மெதுவாகத்தான் போகும். சாதாரணமாக மணிக்கு இருபத்தைந்து, முப்பது பக்கம் படிப்பவர் இங்கே பதினைந்தில் நிற்பார். கைவிடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த ஐம்பதுக்குள்தான் கைவிடுகிறார்கள். அதைத் தாண்டினால் வேகம் தானாக வந்துவிடும். எனவே உதவி வேண்டியது அந்த ஐம்பது பக்கத்துக்கு மட்டும். ஏ4 தாளின் ஒரு பக்கத்தில் நாற்பது, ஐம்பது சொல் கொண்ட ஒரு சொற்பட்டியல் அடித்து, பின்னட்டையின் உட்புறம் ஒட்டுங்கள். அகர வரிசையில் போடாதீர்கள். படகு, மடி (வலை), காற்று, மீன், உறவுமுறை என்று பொருள்வாரியாகப் போடுங்கள். கடலுக்குப் போகும் காட்சியில் படகுச் சொல்லும் காற்றுச் சொல்லும் அடுத்தடுத்து வரும். வாசகர் கண் ஒரே கட்டத்தில் நின்றால் போதும்.

இன்னொரு தவறும் நடக்கிறது. ‘கரமடி: ஒருவகை வலை’ என்று எழுதிவிட்டால் ஒன்றும் விளங்காது. வலையின் ஒரு முனைக் கயிறு கரையில் நிற்க, வள்ளம் கடலில் வளைந்து போய் வலையை இறக்கி மறுமுனையைக் கரைக்குக் கொண்டுவர, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுப்பது என்று எழுதினால்தான் அந்தக் காட்சியில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியும். காற்றின் பெயர்களும் அப்படித்தான். கச்சான் மேற்கிலிருந்து வீசும், கொண்டல் கிழக்கிலிருந்து என்று திசையோடு எழுதுங்கள். கரைக்குக் கரை வழக்கு கொஞ்சம் மாறும். அதனால் சொற்பட்டியலை அலுவலக மேசையில் தயாரிக்காமல் தொழிலுக்குப் போகும் ஒருவரையும் ஓர் ஆசிரியரையும் சேர்த்து உட்கார வைத்துத் தயாரியுங்கள். ஒரு நாவலுக்கு இரண்டு மாலை போதும்.

எந்தெந்த நாவல் என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்லிவிடுகிறோம்.

தொடக்கத்துக்கு வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’. 1977-இல் வந்த சிறிய நாவல். மணப்பாட்டுக் கரை. வள்ளத்துக்கும் விசைப்படகான லாஞ்சுக்கும் நடக்கும் பூசல் ஒரு பக்கம். வள்ளத்தையும் வீட்டையும் விற்றுவிட்டு வரச் சொல்லும் மகனுக்கும் விற்க மனமில்லாத குரூஸ் மிக்கேலுக்கும் இடையில் நடப்பது இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவே மகள் பிலோமி. குளச்சலிலோ முட்டத்திலோ இருக்கும் எந்தக் குடும்பத்துக்கும் இந்தத் தகராறை விளக்க வேண்டியதில்லை. பதினான்கு வயதுக்கு மேல் யாரும் படிக்கலாம். வாசித்துக் காட்டுவதென்றால் விற்பதா வேண்டாமா என்ற பேச்சு வரும் பகுதிகளை எடுங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் போக வேண்டாம். ஒருவரே வாசிக்காமல் தகப்பன் பேச்சை ஒருவரும் மகன் பேச்சை ஒருவரும் வாசித்தால் கூட்டம் கலையாது.

அடுத்தது ராஜம் கிருஷ்ணனின் ‘அலைவாய்க் கரையில்’. மீனவர்களிடையே போய்ப் பழகி எழுதியது. அவருடைய ‘கரிப்பு மணிகள்’ தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றியது. கடல் தண்ணீரைப் பாத்தியில் கட்டி வெயிலில் காயவைக்கும் வேலை மனிதக் காலையும் கண்ணையும் என்ன செய்கிறது என்று அதைப் போல் சொன்ன நாவல் எங்களுக்குத் தெரிந்து வேறில்லை. இந்த இரண்டிலும் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. ராஜம் கிருஷ்ணனின் நூல்களைத் தமிழக அரசு 2009-இல் நாட்டுடைமை ஆக்கிவிட்டது. வேண்டிய பகுதியைப் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுக்கத் தடையில்லை. மலிவுப் பதிப்புகளின் பொடி எழுத்தைப் பார்த்தே புத்தகத்தை மூடி வைக்கும் மூத்த பெண்கள் கடற்கரையில் நிறையப் பேர். அவர்களுக்குப் பதினாறு புள்ளி எழுத்தில் இரண்டு அத்தியாயம் அடித்துக் கொடுங்கள், மீதியைத் தாங்களே கேட்டு வருவார்கள். மற்ற ஆசிரியர்களின் நூல்களை இப்படி நகலெடுக்கக் கூடாது. பதிப்பகத்திடம் எழுதி அனுமதி வாங்க வேண்டும்.

தகழியின் ‘செம்மீன்’ 1956-இல் வந்தது, மறு ஆண்டு சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. தமிழில் கொண்டுவந்தவர் நாகர்கோவிலில் வாழ்ந்த சுந்தர ராமசாமி. கரையில் இருப்பவளின் கற்புதான் கடலில் இருப்பவனைக் காக்கும் என்ற நம்பிக்கையின் மேல் அந்தக் கதை நிற்கிறது. பெண்கள் சேர்ந்து வாசிக்கும் இடத்தில் அதற்குக் கேள்வி வரும், வர வேண்டும். கேள்வியை அடக்காத ஒருவர் கூட்டத்தை நடத்தினால் போதும்.

ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ 2004-இல் வந்தது. அவருடைய ‘கொற்கை’க்கு 2013-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. இரண்டும் கனமான புத்தகங்கள். நடுக்கடலில் தத்தளிக்கும் ஆட்களையும் கரையின் பல பத்தாண்டு வாழ்வையும் மாறி மாறிச் சொல்லும் நாவல் ‘ஆழி சூழ் உலகு’. பெயர்கள் ஏராளம். முதல் நூறு பக்கத்துக்குள் யார் யாருக்கு என்ன உறவு என்று தாளில் எழுதி வைக்காவிட்டால் குழப்பம்தான். இதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொல்லவில்லை. பேச்சும் சம்பவங்களும் பெரியவர்களுக்கானவை. தடைக்காலத்தில் ஊர்ப் படிப்பகத்தில் வந்து உட்காரும் ஆண்களுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை என்பது எங்கள் உறுதியான எண்ணம். தூண்டில்காரர்களுக்கு இன்னொன்று, ஹெமிங்வேயின் கிழவனும் கடலும் கதை. எண்பத்து நான்கு நாள் மீன் படாத கிழவன் தனியே போய் ஒரு பெரிய மீனோடு மல்லுக்கட்டும் அந்தச் சிறு நாவலைத் தமிழில் கொடுத்துப் பாருங்கள். கயிறை எப்படி விட்டான், ஏன் விட்டான் என்பதிலேயே ஒரு மாலை போய்விடும்.

கடல் மட்டும் போதாது. இது சுமார் 70 கிலோமீட்டர் கடற்கரையும் ஆயிரக்கணக்கில் குளங்களும் உள்ள மாவட்டம். சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022-இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏறியது. அதை ஒட்டிய ஊர்களில் வாசிக்க வேண்டியது சோ. தர்மனின் ‘சூல்’. 2016-இல் வந்து 2019-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல். உருளைக்குடிக் கண்மாய்தான் அதன் மையம். கண்மாயில் தூர் எடுப்பதும் மடை திறப்பதும் யார் பொறுப்பாக இருந்தன, அந்தப் பொறுப்பு ஊர் கையைவிட்டுப் போனபோது தண்ணீர் என்னவாயிற்று என்பதைக் கதையாகவே சொல்லிக்கொண்டு போகிறது. அது கரிசல் காடு, நம்முடையது நாஞ்சில் நாடு. மண் வேறு, மழை வேறு. ஆனாலும் உபரிநீர் வெளியேறும் மறுகால் அடைபட்ட குளத்தின் கரையில் குடியிருப்பவருக்கு அந்த ஊரின் கவலை அந்நியமாக இருக்காது.

அணைக்கு மேலே இருக்கும் ஊர்களுக்கு வைரமுத்துவின் ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’. வைகை அணைக்காக ஊரை விட்டவர்களின் கதை, 2003-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. 1906-இல் கட்டி முடித்த பேச்சிப்பாறையின் தண்ணீரில் விளைந்த நெல்லைச் சாப்பிடும் நாமும் அணையின் அந்தப் பக்கத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். ஆற்றில் கழிவு கலப்பதைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு இரா. முருகவேளின் ‘முகிலினி’. பவானி ஆறும் அதன் கரையில் எழுந்த ஆலையும் அதன் களம். குழித்துறை ஆற்றங்கரையில் வைத்து வாசிக்கத் தகுந்தது. நகரத்துப் பிள்ளைகளுக்கு அசோகமித்திரனின் ‘தண்ணீர்’. குழாயில் தண்ணீர் வராத சென்னைத் தெருவில் குடத்தோடு நிற்கும் பெண்களைப் பற்றிய சிறிய புத்தகம். இரண்டே நாளில் முடிந்துவிடும், நீண்ட நாள் நினைவில் இருக்கும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். தலைப்பில் நீர் இருக்கிறது என்பதற்காக மட்டும் எதையும் இந்த வரிசையில் அடுக்காதீர்கள். தேவிபாரதியின் ‘நீர்வழிப் படூஉம்’ 2023-இல் விருது பெற்ற நல்ல நாவல், புதிய நாவல்கள் வரிசையில் கட்டாயம் இருக்க வேண்டியது. ஆனால் அது கொங்கு நாட்டுக் குடிநாவிதர் குடும்பத்தின் கதை. தண்ணீர்க் கதை என்று எடுத்துப் போனவர் ஏமாந்து திரும்புவார், நாவலுக்கும் கெட்ட பெயர். 2022-இல் விருது பெற்ற மு. ராஜேந்திரனின் ‘காலா பாணி’யோ கடற்பயணமும் நாடுகடத்தலுமாகவே நடக்கிறது. அதைத் தாராளமாகக் கடல் வரிசையில் வைக்கலாம். படித்த ஒருவர் பரிந்துரைத்தால் இந்தப் பிசகு வராது. பதிப்பக விலைப்பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதால்தான் வருகிறது.

சாவும் அழுகையும் என்ற காரணத்தை நாங்கள் இலேசாகத் தள்ளவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியை குளச்சலும் கொட்டில்பாடும் மணக்குடியும் மறக்கவில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது தூத்தூர்ப் பகுதியிலிருந்து தங்கல் தொழிலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கப் போய்த் திரும்பாதவர்களின் வீடுகள் இன்றும் அங்கேதான் இருக்கின்றன. அந்த வீட்டுப் பிள்ளையின் கையில் முன்னறிவிப்பின்றிக் கடற்சாவுள்ள கதையைக் கொடுக்கக் கூடாது என்பதில் உங்களோடு ஒத்துப்போகிறோம். அதற்குச் செய்ய வேண்டியது, முதல் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டுவது: ‘இக்கதையில் கடலில் இறப்பு வருகிறது. ஏற்ற வயது: ____.’ வகுப்பில் வாசித்துக் காட்டும் ஆசிரியர் அந்தப் பகுதியை முன்கூட்டியே படித்திருக்க வேண்டும், எழுந்து போக நினைக்கும் பிள்ளையைத் தடுக்கக் கூடாது. இவ்வளவு போதும். புத்தகத்தையே நீக்குவதால் அந்த வீடுகளுக்கு ஒரு நன்மையும் இல்லை. கடலில் ஆளைப் பறிகொடுத்தவர்கள் தங்களைப் போன்றவர்களின் கதையைத் தேடிப் படிக்கிறார்கள். அவர்கள் கேட்கும்போது இல்லை என்று சொல்லும் நிலை நூலகருக்கு வரக் கூடாது.

ஆளில்லை என்பதற்கு வருவோம். ஒரு கிளைக்கு ஒரே பிரதி கொடுத்துவிட்டு ஆளில்லை என்கிறீர்கள். இரண்டு வாரத் தவணையில் 61 நாளுக்குள் ஒரு பிரதியை நான்கு பேர்தான் படிக்க முடியும். ஐந்நூறு பக்க நாவலுக்கு இரண்டு வாரம் போதாது; ஒரு மாதம் கொடுத்தால் இரண்டே பேர். பத்துப் பேர் சேர்ந்து பேச வேண்டுமென்றால் சிறு நாவலுக்கு நான்கு பிரதியும் பெரிய நாவலுக்கு ஐந்து பிரதியும் ஒரே நேரத்தில் வேண்டும். கிளைக்குக் கிளை ஒவ்வொரு பிரதி என்று சிதறடிக்காமல் பன்னிரண்டு தலைப்புகளை நான்கைந்து பிரதிகளாக வாங்கிப் பெட்டியில் போட்டு ஊர் ஊராகச் சுற்றவிடுங்கள். இரண்டு பெட்டியில் அடங்கும், ஆட்டோவில் ஏற்றலாம். மூடியுள்ள பெட்டி வேண்டும். மீன்பெட்டியைக் கழுவிப் பயன்படுத்தலாம் என்ற யோசனை வேண்டாம், வாடை தாளில் ஏறினால் போகாது.

நேரமும் ஒரு காரணம். காலையில் வலை செப்பனிடும் வேலை இருக்கும், பெண்கள் சந்தையிலிருந்து திரும்ப மதியமாகும். மாலை நான்கு முதல் ஏழு வரை திறக்காத நூலகம் கரைக்கு உதவாது. வலை பின்னும் கூடங்களும் தேவாலயப் பங்குகளில் நடக்கும் படிப்பகங்களும் இருக்கின்றன. நூலகத்துக்கு ஆள் வரவில்லையென்றால் பெட்டி அங்கே போகட்டும்.

பிறகு புத்தகத்தின் உடம்பு. இதைத் தேர்வுக் குழுக்கள் கவனிப்பதே இல்லை. இன்று வரும் நாவல்களில் பெரும்பாலானவை முதுகில் சூட்டுப்பசை வைத்து ஒட்டியவை. கடற்கரை ஈரக்காற்றில் தாள் ஊறிப் புடைக்கும், நாளாக நாளாகப் பசை விறைக்கும். தடித்த புத்தகம் நடுவில் பிளந்து தாள் தாளாக வரும். அப்போது நீங்கள் பைண்டிங்குக்கு அனுப்புகிறீர்கள். அங்கே முதுகிலிருந்து அரை அங்குலம் தள்ளித் துளையிட்டுப் பக்கவாட்டில் தைத்து அனுப்புகிறார்கள். உள் ஓரத்து எழுத்து தையலுக்குள் போய்விடுகிறது, புத்தகம் விரியாது. வாசகர் அழுத்தி விரிக்கிறார், தையல் ஓரமாகத் தாள் கிழிகிறது. இரும்பு பின் அடித்தால் ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்துக் கறை இறங்கும். வாங்கும்போதே நூல் தையல் கட்டு இருக்கும் பதிப்பைக் கேளுங்கள். இல்லாவிட்டால் சுற்றுக்கு விடுவதற்கு முன்பே முதுகில் காலிகோ துணி ஒட்டுங்கள். மைதாப் பசையில் சிறிது மயில்துத்தம் சேர்த்தால் பூச்சி அண்டாது. மயில்துத்தம் நஞ்சு என்பதால் கை கழுவாமல் சாப்பிடக் கூடாது என்று ஒட்டுபவரிடம் சொல்ல வேண்டும். அலமாரியைச் சுவரோடு ஒட்டிப் போடாமல் நான்கு விரல் இடைவெளி விடுங்கள். ஜூனில் மழை பிடித்தால் சுவர் ஈரம் நேரே புத்தகத்துக்கு ஏறும், பின்னாலேயே ராமபாணப் பூச்சி வரும்.

எங்கள் கோரிக்கைகளைத் தெளிவாக வைக்கிறோம். இவ்வாண்டுப் பட்டியலோடு ஒரு துணைப் பட்டியல் வெளியிட்டு, மேலே சொன்ன நாவல்களில் குறைந்தது எட்டைச் சேருங்கள். அதில் குறைந்தது மூன்று கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் வந்தவையாக இருக்கட்டும். தோப்பில் முகமது மீரானின் ஒரு நாவலாவது மாவட்டத்தின் எல்லாக் கிளைகளிலும் இருக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்க மாட்டோம். திட்டத்தின் கடைசி நாளை மேற்குக் கரை ஊர்களுக்கு ஜூலை 31 என்று மாற்றி அறிவியுங்கள். நானூறு பக்கத்துக்கு மேற்பட்ட நாவல்களுக்குத் தவணையை முப்பது நாளாக்குங்கள். தலைப்புக்கு நான்கைந்து பிரதி என்ற கணக்கில் குறைந்தது இரண்டு சுற்றுப் பெட்டிகள் தாருங்கள். அவை முதலில் மேட்டிலும் பிறகு கரையிலும் சுற்றட்டும். சொற்பட்டியல்களையும் முன்னறிவிப்புச் சீட்டுகளையும் தயாரிக்கும் வேலையை நாங்களே சம்பளமின்றிச் செய்து தருகிறோம். ஒட்டுவதற்கு எழுத்துப்பூர்வமான அனுமதி மட்டும் வேண்டும். அடுத்த ஆண்டிலிருந்து தேர்வுக் குழுவில் கடற்கரை வாசகர் ஒருவரும் பாசனப் பகுதி வாசகர் ஒருவரும் இடம்பெற வேண்டும்; அதில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும்.

மேற்குக் கரையில் தடைக்காலம் ஜூன் 1-இல் தொடங்குகிறது. அதற்குப் பதினைந்து நாள் முன்னதாக, எவற்றை ஏற்கிறீர்கள், எவற்றை ஏற்கவில்லை, ஏன் என்று எழுத்தில் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
குமரி மாவட்டத்து வாசகர்கள்